கேள்வி பதில்: நீரிழிவு, புகைத்தல், சிறுநீரகம்

திருகோணமலை மாவட்ட வாசகர்களுக்கு மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

உப்புவெளி வாசகர்: டொக்டர், எனக்கு ஒன்பது வருடமாக நீரிழிவு. புகைத்தால் நெஞ்சுதானே பழுதாகும். சிறுநீரகத்துக்கு என்ன வரும்?

பதில்: ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன, ஒவ்வொன்றும் மயிரிழையிலும் மெல்லிய குருதிக் குழாய்களின் ஒரு முடிச்சு. குருதியில் சீனி கூடி நிற்கும் காலமெல்லாம் அம்முடிச்சுக்குள் அமுக்கம் உயர்ந்து, சுவர் தடித்து, உள்ளேயே நிற்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. இப்படி நைந்துகொண்டிருக்கும் குழாய்களைத்தான் புகை மறுபடியும் தாக்குகிறது. நிக்கொட்டீன் குருதியமுக்கத்தை ஏற்றுகிறது. புகையின் ஏனைய நச்சுகள் குழாய்களின் உட்படலத்தைக் கெடுக்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாமற்போவதால் சீனியும் கட்டுக்குள் வருவதில்லை. எனவே புகைக்கும் நீரிழிவு நோயாளிக்குப் புரதக் கசிவு முன்னதாகவே தோன்றவும் விரைவாக முற்றவும் கூடும்.

மூதூர் வாசகர்: எனக்குக் கால் வீங்கவில்லை, சிறுநீரும் நன்றாகப் போகிறது. பயமில்லைத்தானே?

பதில்: வீக்கம் வருமுன்பே பழுது நெடுந்தூரம் போயிருக்கக்கூடும். சிறுநீரில் அல்புமினுக்கும், தசைகளிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை ஆண்டுக்கொரு முறையேனும் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அல்புமின் இருந்தால், மீண்டும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். இடுப்பு நோவுக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக் என்ற நோவுக் குளிசையை வாங்கி விழுங்கும் பழக்கம் இருந்தால், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், இன்றே நிறுத்துங்கள்.

கிண்ணியா வாசகர்: நான் சுருட்டு மட்டுந்தான், புகையை உள்ளே இழுப்பதில்லை.

பதில்: சுருட்டின் நிக்கொட்டீன் வாயின் உட்தோல் வழியாகவே குருதியில் சேர்ந்துவிடும்.

தம்பலகாமம் வாசகர்: பீடி? நிலாவெளி வாசகர்: நாளுக்கு இரண்டே இரண்டு சிகரெட்?

பதில்: இரண்டும் சிறுநீரகத்துக்குக் கேடுதான். அளவைப் பேரம் பேசும் கேள்விகளை இனி அனுப்ப வேண்டாம்.

கந்தளாய் வாசகர்: சிறுநீரக நோய்க்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர் என்று ஊரே சொல்கிறது. நீங்கள் ஏன் புகையின் மேல் பழி போடுகிறீர்கள்?

பதில்: இவை இரு வேறு நோய்கள். 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் பரவலாக அறியப்பட்ட நோய், நீரிழிவு இல்லாதவர்களையும் பிடிக்கிறது. பெரும்பாலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குவதால் புரதக் கசிவு குறைவாகவே இருக்கும். தண்ணீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீர் வற்றுதல் எனப் பலவும் ஆராயப்பட்டும் அதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. நீரிழிவு நோயோ வடிகட்டி முடிச்சையே தாக்குகிறது.

அதே வாசகர்: என் தகப்பனார் புகைத்ததேயில்லை, அவருக்கும் சிறுநீரகம் போயிற்றே?

பதில்: உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. புகைக்காதவருக்கு இந்நோய் வராது என்று நான் சொல்லவில்லை. நல்ல தண்ணீருக்காக நீங்கள் குரல் கொடுப்பது நியாயமே, நானும் உங்களோடு நிற்பேன். ஆனால் கிணற்றைக் காட்டிச் சிகரெட்டைக் காப்பாற்றுவதை ஏற்கமாட்டேன்.

திருகோணமலை நகர் வாசகி: என் கணவருக்குச் சிறுநீரில் அந்த அல்புமின் அளவு 300ஐத் தாண்டிவிட்டது. இனிப் புகையை விட்டு என்ன பயன்?

பதில்: பெரும் பயன் உண்டு, அம்மா. இழந்தது திரும்பாவிட்டாலும், எஞ்சியிருப்பது தேயும் வேகம் குறையலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரத்தில் குருதி சுத்திகரிக்கும் நிலை தள்ளிப்போகக்கூடும். மாரடைப்பு அபாயமும் குறையும். விட்ட புதிதில் எடையும் சீனியும் சற்றுக் கூடலாம். அதைக் கண்டு மீண்டும் பற்றவைக்காமல், மருந்தளவை மாற்றுவது பற்றிக் கிளினிக்கில் கேட்க வேண்டும். அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள். அவர் தாமாக வாங்கிக் குடிக்கும் நோவுக் குளிசைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.