பகலெல்லாம் அசையாத தவளைவாயன்: நோயா?

டாப்சிலிப் பக்கம் ஒரு தவளைவாயன் பறவை இரண்டு நாளாக ஒரே கிளையில் அசையாமல் இருக்கிறது, நோயா என்று கேட்டிருந்தீர்கள். நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறப் பறவை, அநேகமாக அடைகாக்கும் ஆண்.

இலங்கைத் தவளைவாயனில் (இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும், அகன்ற வாயுள்ள இரவுப் பறவை) பகலில் பெரும்பாலும் ஆண்தான் அடைகாக்கும், இரவில் பெண். கூடு உள்ளங்கையைவிடச் சிறியது: பாசியும் மென்தூவியும் சேர்ந்த ஒரு திட்டு, வெளியே மரப்பாசியும் பட்டைத் துணுக்கும் ஒட்டியிருக்கும். பறவை உட்கார்ந்தால் கூடு முழுக்க மறைந்துவிடும், அதனால்தான் வெறும் கிளையில் இருப்பதாகத் தோன்றுகிறது. முட்டை ஒன்றே ஒன்று, வெள்ளை. ஆள் நெருங்கினால் அலகை மேலே தூக்கி, கண்ணைக் கீற்றாகச் சுருக்கி, முறிந்த கிளைபோல் உறைந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள்.

சரிபார்க்க, 10 மீட்டராவது தள்ளி நின்று தொலைநோக்கியில் பாருங்கள். சாம்பலில் நுண்ணிய கோடும் புள்ளியும் என்றால் ஆண். செம்பழுப்பு, குறைவான வெண்புள்ளி என்றால் பெண். நிழலில் நிறம் ஏமாற்றும். இருட்டும் நேரத்தில் இணை வந்து இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

தரையில் கிடந்தாலோ சிறகு தொங்கினாலோ கதை வேறு. உடனே வனத்துறையிடம் சொல்லுங்கள்.

படத்துக்காக இலையை விலக்காதீர்கள், அதன் குரல் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். ஒரே முட்டை, அது போனால் எல்லாம் போச்சு.

குஞ்சு வெளியேறியபின் கூடு காணாமல் போனால் பதறவேண்டாம். ஆணே அதைப் பிய்த்துப்போடுவது உண்டு.