மரப்பிடி போட்ட கார்பன் எஃகு கத்தி சமையலுக்குச் சரிவருமா?

தாராளமாக வாங்குங்க. கோவையில் வீட்டுச் சமையலுக்கு இந்தக் கத்தி ஒத்துவருமா, துருப் பிடித்துவிடாதா, ஓப்பினல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியை வாங்குவதா, பட்டறையில் அடித்ததை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். துருவைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது அலகும் பிடியும் சேருகிற இடத்தைப் பற்றித்தான்.

அலகில் ஏறிய துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்தால் போய்விடும். பிடிக்குள் இறங்கியிருக்கிற காம்பு துருப்பிடித்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. பிடியின் வாயில் மாட்டியிருக்கிற உலோக வளையமான பூணின் ஓரமாகத் தண்ணீர் இறங்கி மரம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும், இடைவெளி கொஞ்சம் பெரிதாகும், அடுத்த முறை இன்னும் தண்ணீர் இறங்கும். கடைசியில் பூசணிக்காயில் அலகு மாட்டிக்கொண்டிருக்கும், பிடி மட்டும் கையோடு வந்துவிடும்.

அதனால் வாங்கும்போது முதலில் கூர் பார்க்க வேண்டாம், அதை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். பிடியை இறுக்கிப் பிடித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் வேண்டாம். பூணுக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழையக் கூடாது. மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓடணும், குறுக்கே ஓடினால் அந்த ரேகையிலேயே பிளக்கும். பளபளவென்று வார்னிஷ் அடித்த பிடி எனக்குப் பிடிக்காது. ஈரக் கையில் வழுக்கும், அடியில் வெடிப்பு இருந்தாலும் மறைத்துவிடும்.

நாமக்கல், சங்ககிரி என்று லாரித் தொழில் நடக்கிற நம் பக்கத்தில் பழைய ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சமில்லை. சுமார் 0.6 சதவீதம் கார்பன் உள்ள அந்தப் பட்டையில் அடித்த கத்தி சமையலுக்குத் தாராளம். பதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆசாரியிடம் கேட்டுவிட்டு அலகின் விளிம்பில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, சுலபமாகச் சுரண்டினால் இரும்பு மெத்து. ஓப்பினல் 1890-இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் தொடங்கிய மடக்குக் கத்தி. தோட்டத்துக்கும் பழம் நறுக்கவும் அருமை. ஆனால் அதன் பிடி பெரும்பாலும் பீச் மரம், தண்ணீரில் ஊறினால் உப்பி அலகைத் திறக்க விடாது. தினமும் கழுவப்போகிற அடுப்படிக் கத்தி என்றால் நான் பட்டறைக்குத்தான் போவேன்.

புதுக் கத்தியில் வாழைப்பூவோ வாழைக்காயோ நறுக்கினால் அலகு நீலக் கருப்பாக மாறும். பார்த்ததும் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை அது. வெங்காயம், மாங்காய், எலுமிச்சை எல்லாம் ஆளுக்கொரு சாயல் ஏற்றி, நாளாக நாளாக அலகு முழுக்கச் சாம்பல் கருப்பாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்த அலகில் செந்துரு சுலபமாக ஏறாது, முதலில் இருந்த இரும்பு வாடையும் போய்விடும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் அது துரு. கொஞ்சம் சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் அந்த இடத்தை மட்டும் தேயுங்கள்.

மற்றபடி தினசரி வேலை ஒன்றுதான்: நறுக்கி முடித்த உடனே கழுவித் துடைப்பது. எலுமிச்சை பட்ட கத்தியைச் சாப்பிட்டு வந்து கழுவிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. சிங்க்கில் ஊறப் போடவே கூடாது, பிடிக்குக் கேடு அங்கேதான். துடைத்த கத்தியைக் கொஞ்ச நேரம் வெளியிலேயே காய விடுங்கள். வாரக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும். தோல் உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது, மரத்துக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும். பூண் ஓரத்தில் தேன்மெழுகை உருக்கி அடைத்தால் தண்ணீர் இறங்குகிற வழியே மூடிவிடும்.

கூர் ஏற்ற, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்பரண்டம் கல் போதும். மறுபக்க விளிம்பில் கட்டைவிரலுக்குப் பிசிறு தட்டுகிறவரை ஒரே சாய்வில் தேய்க்க வேண்டும், அப்புறம் திருப்பிப் போட்டு அதே போல. மெஷின் சாணைக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். முனை நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரிக்குக் கிட்டே போயிருக்கிறது என்று அர்த்தம், அந்த இடம் இனிக் கூர் நிற்காது. கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்காதீர்கள், புளியங்கட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றாவது பிடி ஆட ஆரம்பித்தால் அதோடு நறுக்கிக்கொண்டிருக்காமல் பட்டறைக்குக் கொண்டு போங்கள், புதுப் பிடி போட்டுத் தருவார்கள். காம்பைக் காய்ச்சி மரத்தில் இறக்கும்போது மட்டும் அலகில் ஈரத்துணி சுற்றச் சொல்லுங்க, சூடு அலகுக்கு ஏறினால் பதம் போய்விடும்.