சி-17 சரக்கு விமானம்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்க விமானப்படையின் சி-17 குளோப்மாஸ்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் பறத்தல் 1991 செப்டம்பரில். 2015-இல் உற்பத்தி நிற்கும்வரை மொத்தம் 279 விமானங்கள்.

சார், பயணிகள் விமானங்களுக்கு இறக்கை கீழே இருக்கிறது. இதற்கு மட்டும் ஏன் முதுகில்?

தளத்துக்காக. சரக்கு விமானத்தில் முதலில் முடிவாவது சாமான் நிற்கும் தளம்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும். இறக்கை கீழே இருந்தால், எஞ்சின் தரையில் உரசாமலிருக்க உடம்பை உயர்த்தியாக வேண்டும். அப்புறம் லாரியை எப்படி ஏற்றுவது? இறக்கையை மேலே கொண்டுபோனால் உடம்பு தாழ்ந்து உட்காரும். பின்கதவே சாய்தளமாக இறங்கும், வண்டி தானாக ஓடி உள்ளே போகும். உள்ளே சாய்தளத்தோடு சேர்த்து 26.8 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். குறுக்கே எதுவும் வராது.

இதற்கு ஒரு விலை உண்டு. இறக்கையில் சக்கரம் வைக்க முடியாது. அதனால்தான் வயிற்றின் இருபுறமும் அந்த உப்பல். பக்கத்துக்கு ஆறு, மூக்கில் இரண்டு, ஆக 14 சக்கரங்கள். அந்த உப்பல் காற்றை இழுக்கும், எரிபொருளைத் தின்னும்.

இவ்வளவு பெரிய விமானம் 3,500 அடி ஓடுபாதையில் எப்படி இறங்குகிறது? பிரேக் அவ்வளவு வலுவா?

பிரேக்குக்கு முன்னால் ஃபிளாப்பைப் பாருங்கள், இறக்கையின் பின்னால் கீழிறங்கும் மடிப்புத் தகடு. எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்த இடமே அதுதான். சாதாரண விமானத்தில் எஞ்சினின் வெளிக்காற்று ஃபிளாப் மேல் படாதபடி ஒதுக்குவார்கள். இதில் வேண்டுமென்றே மோதவிடுகிறார்கள். இறக்கையின் பின்விளிம்பிலிருந்து ஃபிளாப் இறங்கியதும் எஞ்சின் காற்று அதன் அடியில் அடிக்கும். ஒரு பகுதி ஃபிளாப்பின் இடுக்குகள் வழியாக மேலே ஏறி, பரப்போடு ஒட்டி வளைந்து ஓடும். மிச்சம் கீழ்நோக்கித் திரும்பும். காற்றைக் கீழே தள்ளினால் விமானத்துக்கு மேல்நோக்கி விசை. ஆக, வேகம் குறைந்தாலும் தூக்குவிசை குறையாது. சூடு தாங்க அங்கே டைட்டானியம் போட்டிருக்கிறார்கள்.

1975-இல் பறந்த ஒய்சி-15 என்ற சோதனை விமானத்தில் பழகிய வித்தை இது. இதனால் விமானி அதிகச் சரிவான பாதையில், மெதுவாக வந்து, மூக்கைத் தூக்கி மென்மையாக இறக்காமல் குறித்த இடத்தில் 'தொப்'பென்று உட்காரவைக்கலாம். சக்கரக் கால்கள் அந்த அடிக்கென்றே கட்டியவை.

2012-இல் ஃபுளோரிடாவில் ஒரு சி-17, மக்டில் படைத்தளம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பீட்டர் ஓ. நைட் என்ற சின்ன விமான நிலையத்தில் இறங்கிவிட்டது. ஓடுபாதை சுமார் ஒரு கிலோமீட்டர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே அங்கிருந்து கிளம்பியும் போனது. விமானிகளுக்குத்தான் சங்கடம்.

அப்படியானால் எஞ்சின் ஒன்று நின்றால்?

நல்ல கேள்வி. இழப்பு இரட்டை: உந்துவிசையும் போகும், அந்தப் பக்கத்துத் தூக்குவிசையில் ஒரு பங்கும் போகும். நான்கு எஞ்சின் இருப்பதால் பாதிப்பு பங்கிடப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கணினியும் சாய்வை உடனே ஈடுகட்டும். எஞ்சின், போயிங் 757-இல் இருந்த பிராட் அண்ட் விட்னியின் ராணுவ வடிவம்தான்.

பின்னால் தானே நகருமாமே?

ஆமாம், இலேசான மேட்டிலும்கூட. எஞ்சின் காற்றை முன்னுக்குத் திருப்பும்போது மேல்நோக்கியும் சாய்த்து விடுகிறார்கள். மண் தரையில் புழுதியும் கல்லும் எஞ்சினுக்குள் போகாது, பக்கத்தில் வேலை செய்பவர்கள் மேலும் வீசாது.

சோதனையில் இறக்கை முறிந்தது உண்மையா அண்ணா?

உண்மைதான் தம்பி. 1992 அக்டோபரில், தரையில் நடந்த பளுச் சோதனையில். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சப் பளுவைப் போல 150 சதவீதம் தாங்க வேண்டும், 128-லேயே மடங்கிவிட்டது. எடையைக் குறைக்கக் குறைக்க இப்படி ஒரு நாள் கணக்கு இடிக்கும். பிறகு இறக்கையை வலுப்படுத்தினார்கள்.

இரண்டு டாங்கி ஏற்றலாமா?

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கி என்றால் ஒன்று. அதுவே அறுபது டன்னுக்கு மேல். விமானத்தின் உச்ச வரம்பு 77.5 டன்.

2021-இல் காபூலிலிருந்து 823 பேரை ஏற்றினார்களே, பளு தாங்கியதா?

கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 70 கிலோ என்றாலே 58 டன்னுக்குள் முடிகிறது. அதில் 183 பேர் குழந்தைகள். பளு பிரச்சினையே இல்லை. இருக்கையும் பெல்ட்டும்தான் இல்லை. தரையில் நெருக்கி உட்கார்ந்தே வந்தார்கள்.

இவ்வளவு நல்ல விமானத்தைச் சரக்கு நிறுவனங்கள் ஏன் வாங்கவில்லை?

சிவில் வடிவமும் விற்பனைக்கு வைத்தார்கள், ஒருவரும் ஆர்டர் கொடுக்கவில்லை. நிறுவனங்களுக்கு நல்ல ஓடுபாதையும் தூக்கி ஏற்றும் இயந்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. மண்பாதையில் இறங்கும் திறமைக்கு அவர்கள் எதற்கு ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருள் செலவழிக்க வேண்டும்? லடாக் மாதிரி இடங்களுக்குச் சாமான் கொண்டுபோக வேண்டிய இந்திய விமானப்படைக்கு அது தேவை. 11 வாங்கி டெல்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் படைத்தளத்தில் வைத்திருக்கிறார்கள்.