வாசகர் கேள்வி – பதில்: லூவனில் ஒரு நாள்

கேள்வி: பிரஸ்ஸல்ஸில் முதுகலை படிக்கிறேன். பக்கத்தில் இருக்கும் லூவன் நகரத்துக்கு ஒரே ஒரு நாள் போய்வர ஆசை. பழைய பல்கலைக்கழக ஊர் என்கிறார்கள். சனிக்கிழமை போகட்டுமா? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? – ஒரு மாணவி, பிரஸ்ஸல்ஸ்

பதில்: சனிக்கிழமை வேண்டாம். பெல்ஜியத்தில் பிள்ளைகள் வார நாட்களில் மட்டும் கல்லூரி ஊரில் அறை எடுத்துத் தங்கிவிட்டு (அந்த அறைக்கு அங்கே ‘கோட்’ என்று பெயர்) வெள்ளிக்கிழமை மதியம் அழுக்குத் துணியோடு பெட்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சனிக்கிழமை போனால் கட்டடங்கள் இருக்கும், அந்த ஊரை ஊராக்கும் கூட்டம் இருக்காது. வகுப்பில்லாத வியாழக்கிழமை ஒன்று கிடைத்தால் அன்றைக்குப் போங்கள், பாதி வாரக் களை எல்லார் முகத்திலும் தெரியும்.

ரயிலில் அரை மணி நேரம்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரஸ்ஸல்ஸ் நிலையங்களில் லூவனுக்கு ‘லூவேன்’ என்று பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். ‘லூவேன்-லா-நூவ்’ என்பது வேறு ஊர், வேறு பாதை. அது ஏன் அப்படி ஆனது என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே நேராக ஒரு கடைத்தெரு போகும், பொண்ட்கெனோட்டன்லான். எல்லாரும் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் தலையைத் தூக்கி வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். சில வீடுகளில் சின்னதாக ஒரு கல் பதித்திருக்கும், அதில் ஒரு வாள், எரியும் பந்தம், 1914 என்ற ஆண்டு. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மன் படை கொளுத்திய வீடு அது, பிறகு திரும்பக் கட்டினார்கள் என்று அர்த்தம். ஒரு கல் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் தெரு முழுக்கத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

தெரு முடிகிற இடத்தில் நகர மண்டபம். 1439-இல் தொடங்கி 1469-இல் முடித்தது. வெளிச் சுவரில் 236 சிலைகள், ஆனால் அவை 1850-க்கு அப்புறம் வைத்தவை, அதுவரை மாடங்கள் சும்மாதான் இருந்தன. படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். எதிரே இருக்கும் புனித பேதுரு ஆலயத்துக்கு மட்டும் நேரம் கொடுங்கள். டீரிக் பௌட்ஸ் 1464-க்கும் 1468-க்கும் இடையில் வரைந்த ‘கடைசி இராவுணவு’ எந்த ஆலயத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயேதான் இன்னும் இருக்கிறது. அதன் பக்கவாட்டுப் பலகைகள் ஜெர்மனிக்கு விலைபோய், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து, 1942-இல் நாஜிகள் எடுத்துப்போய், போர் முடிந்தபின் மறுபடி வந்து சேர்ந்தவை. இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகும் அந்த மேசை விரிப்பின் மடிப்பு நேற்று இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள்.

மதியத்துக்கு மேல் முழுக்க க்ரூட் பெகைன்ஹோஃப் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிமூன்றாம் நூற்றாண்டில் உருவான பெண்கள் குடியிருப்பு இது. அவர்கள் கன்னியாஸ்திரிகள் இல்லை. ஆயுள் முழுவதற்குமான சபதம் கிடையாது, சொத்து வைத்துக்கொள்ளலாம், வேண்டுமானால் வெளியேறிக் கல்யாணமும் செய்துகொள்ளலாம், தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இருபதாம் நூற்றாண்டில் பாழடைந்து கிடந்ததை 1962-இல் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, பேராசிரியர் ரேமண்ட் லெமேரின் பொறுப்பில் சீரமைத்தது. 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அருங்காட்சியகமாக்கிப் பூட்டி வைக்கவில்லை. மாணவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் குடியிருக்கிறார்கள், செங்கல் சுவரில் சைக்கிள் சாய்ந்திருக்கும், நடுவில் டைல ஆறு ஓடும். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தரை முழுக்க உருண்டைக் கல், அதனால் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அவுட மார்க்ட் சதுக்கத்தில் உட்காரலாம், சுற்றிலும் வரிசையாக மதுக்கடைகள்தான் என்றாலும் ஒரு காபியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

கேள்வி: லூவன் நூலகத்தை இரண்டு முறை எரித்தார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் இப்போது இருப்பது எது? – ஒரு நூலகர், மதுரை

பதில்: மூன்றாவது பிறவி என்று சொல்லலாம். பல்கலைக்கழகம் 1425-இல் போப்பாண்டவர் ஐந்தாம் மார்ட்டினின் ஆணையோடு தொடங்கியது. அதன் நூலகம் 1317-இல் கட்டப்பட்ட பழைய துணி வணிகர் மண்டபத்தில் இருந்தது. 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மன் படை தீ வைத்தபோது சுமார் 3 லட்சம் புத்தகங்கள் போயின. உலகமே கொதித்தது. அமெரிக்கர்கள் பணம் திரட்டி, விட்னி வாரன் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி வேறொரு சதுக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொடுத்து 1928-இல் திறந்தார்கள். பணம் தந்த பள்ளி, கல்லூரிகளின் பெயர்கள் சுவர்க் கற்களிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன, நின்று ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.

திறப்பு விழாவை ஒட்டி ஒரு பெரிய சண்டை. ‘ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் மீண்டது’ என்று முகப்பில் லத்தீனில் பொறிக்க வேண்டும் என்று வாரன் பிடிவாதமாக இருந்தார். பகையைக் கல்லில் எழுதி வைக்க வேண்டாம் என்று பல்கலைக்கழகத் தலைவர் லாடூஸ மறுத்துவிட்டார். வாசகம் இல்லாமலே திறந்தார்கள். அந்தச் சதுக்கம் இன்று லாடூஸ பெயரில்தான் இருக்கிறது. அவர் பக்கம்தான் நான்.

பன்னிரண்டே வருடத்தில், 1940 மே மாதம், மறுபடி எரிந்தது. இந்த முறை சுமார் 9 லட்சம் நூல்கள். போருக்குப் பிறகு அதே வடிவத்தில் எழுப்பியதுதான் இப்போது நிற்பது.

அதோடு முடியவில்லை. 1960-களில் டச்சு பேசுவோருக்கும் பிரெஞ்சு பேசுவோருக்கும் இடையே மொழிப் போராட்டம் முற்றி, 1968-இல் நாட்டின் அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பகுதிக்காகத் தெற்கே ஏறக்குறைய 30 கி.மீ. தள்ளி, வயல்வெளியில் ஒரு புது ஊரையே கட்டினார்கள், அதுதான் லூவேன்-லா-நூவ். நூலகத்தையும் பங்கு போட்டார்கள். எது யாருடையது என்று முடிவு செய்ய முடியாத புத்தகங்களில் அடுக்கு எண் ஒற்றைப்படை என்றால் லூவனுக்கு, இரட்டைப்படை என்றால் புது ஊருக்கு. தொடர் நூல்களில் ஒரு பாகம் இங்கும் அடுத்த பாகம் அங்கும் போனது. நெருப்பில் போனதற்குச் சமமாக இந்தப் பிரிவினையும் ஒரு நூலகரான உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் அப்படித்தான்.

கேள்வி: மகள் லூவனில் படிக்கப் போகிறாள். சுத்த சைவம். என்ன சாப்பிடுவாள்? – ஒரு தாய், கோவை

பதில்: கவலை வேண்டாம். ‘அல்மா’ என்ற மாணவர் உணவகங்களில் சைவச் சாப்பாடும் உண்டு, வெளியே சாப்பிடுவதைவிட விலையும் குறைவு. உருளைக்கிழங்கு வறுவல் கடையில் மட்டும் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த நாட்டில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், எல்லாக் கடையிலும் இல்லை, ஆனால் பலகையில் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சாம்பார்ப் பொடியைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள், அரிசியும் பருப்பும் அங்கேயே கிடைக்கும்.