கீரவாணிக்கு ஜி கோர்டு ஒட்டாது
தம்பி, தப்பு உங்கள் பாடகியிடம் இல்லை. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்ற கோர்டுகளில் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) கிட்டார் போகிறது, இரண்டாவது கோர்டில் மட்டும் குரல் இடிக்கிறது, சிங்கப்பூர் தேக்கா பக்கத்து ஜாமிங் ஸ்டூடியோவில் மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மெட்டு கீரவாணி ராகம். ஏ-யைச் சட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக, வைத்தால் அதன் காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த ‘நி’, ஜி ஷார்ப்; ஜி-க்கு அரைப்படி மேலே. ஜி கோர்டில் இருப்பதோ வெறும் ஜி. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் உரசத்தான் செய்யும்.

மேற்கில் இதே ஸ்வரங்களுக்கு ஹார்மோனிக் மைனர் என்று பெயர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்திலேயே மைனர் பாடல்களில் ஏழாம் ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தி, ஐந்தாம் கோர்டை, இங்கே ஈ-யை, மேஜராக்கினார்கள். அந்த ஜி ஷார்ப்தான் காதை வீட்டுக்கு, அதாவது ஏ-க்கு, இழுக்கிறது. ராக் இசைக்கு இந்த இழுப்பு அங்கிருந்து வந்த சொத்து.

ஆகவே ஜி-யைத் தூக்கிவிட்டு இப்படி முயலுங்கள்: ஏ மைனர்; பேஸில் (அடி ஸ்வரமாக) ஜி ஷார்ப் வைத்து ஈ மேஜர்; பேஸில் எஃப் வைத்து டி மைனர்; பிறகு ஈ மேஜர். பேஸ் ஏ, ஜி ஷார்ப், எஃப், ஈ என்று படியிறங்கும். ஒரு ஸ்வரம்கூட ராகத்தை விட்டு வெளியே போகாது.

டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் முழு மேஜர் கோர்டு கலங்கிவிடும். அப்போது ஈ பவர் கோர்டு போதும், ஈயும் பியும் மட்டும். ஜி ஷார்ப்பைப் பாடகிக்கே விட்டுவிடுங்கள். அவர் கமகத்தோடு அதைத் தொடும்போது கிட்டார் குறுக்கே நிற்காது. எனக்கு மிகப் பிடித்த இடம் அது. மாற்றி வாசித்ததும் பதிவு அனுப்புங்கள், கட்டாயம் கேட்கிறேன்.