பீரோ படி இறங்கும்போது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வளவு வீடு ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்கு, பொது. எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டை வைகாசியில் ஒரு வயது நிறைவுச் சாந்திக்காகத் திறக்கிறோம். இரண்டாம் கட்டு அறைகளில் இலவம்பஞ்சு மெத்தை, கால் ஒடிந்த கட்டில், கண்ணாடி வைத்த இரும்பு பீரோ இரண்டு, ஓடாத பிரிட்ஜ், பின்பக்கம் புடைத்த பழைய டிவி எல்லாம் அடைசலாகக் கிடக்கின்றன. நாலு ஆளைக் கூப்பிட்டு ஒரே நாளில் அள்ளி வாசலில் போட்டால் குப்பை வண்டிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்கிறான் தம்பி. போடலாமா? (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: வெளியேற்றத்தான் வேண்டும் ஆச்சி, ஆனால் அந்த 'ஒரே நாளில்' என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

முதல் நாள் எதையும் தூக்காதீர்கள். காலையிலேயே கதவு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு மத்தியானம் வரை காற்று ஓடட்டும். இத்தனை வருஷம் பூட்டிய வீட்டில் வௌவால் இல்லாமல் இருக்காது, எச்சம் காய்ந்து மாவாகக் கிடக்கும், அதை வெறும் விளக்குமாற்றால் கூட்டினால் கிளம்புகிற தூசியில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி வழித்து எடுங்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்-95 மாஸ்க் மருந்துக்கடையில் கிடைக்கும். எலி மூத்திரம் பட்ட ஈரத்தில் கீறல் விழுந்த கையோடு புழங்கினால் எலிக்காய்ச்சல் வரும், அதனால் கையுறை இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

மெத்தையைக் கையால் புரட்டவே கூடாது. டார்ச் அடித்துப் பார்த்து, நீளக் கம்பால் தள்ளி, கொஞ்சம் பொறுத்து அப்புறம் தொடலாம். தேள் கொட்டினால் ஊரைக் கூட்டிவிடுவோம், கட்டுவிரியன் அப்படியில்லை, கடித்த இடத்தில் வலியே பெரிதாக இருக்காது, எறும்பு என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள், சில மணி நேரத்தில் இமை தொங்கும். சந்தேகம் வந்தாலே 108. கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி பீரோ. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சாக்கைப் போட்டு இழுத்தால் பீரோ வழுக்கிக்கொண்டு முகப்பு வரை சுகமாக வந்துவிடும், ஆபத்து அதற்குப் பிறகுதான், ஏனென்றால் நம் வீடுகள் தெருவை விட உயர்த்திக் கட்டியவை, வாசற்படி இறங்கும்போது மொத்தப் பாரமும் கீழே நிற்கிறவன் நெஞ்சில்தான் வந்து சாயும். என் பெரியம்மா வீட்டில் நானே ஒரு தப்பு செய்தேன். பூட்டு கெட்டுப்போன பீரோ, கதவைச் சணலால் ஒரு சுற்றுக் கட்டினேன், போதும் என்று நினைத்தேன். மூன்றாவது படியில் சணல் அறுந்து கதவு ஆடியது, கீழே பிடித்திருந்த பையனின் நடுவிரல் கதவுக்கும் தூணுக்கும் நடுவில். நகம் கறுத்து விழுந்து, திரும்ப முளைக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பையன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பான், எனக்குத்தான் சிரிப்பு வராது.

அதனால் உள்ளே இருக்கிற லாக்கர் டிராயரை எல்லாம் உருவி எடுங்கள், கதவை நைலான் கயிற்றால் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள், கண்ணாடி மேல் பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள், உடைந்தாலும் சில்லு சிதறாது. படியில் இரண்டு கனமான பலகையைச் சாய்த்துப் போட்டு மேலிருந்து கயிற்றை விட்டு விட்டு இறக்க வேண்டும், கீழே நேர் எதிரில் ஒருத்தரும் நிற்கக்கூடாது, பக்கவாட்டில்தான். குரல் கொடுப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். இந்த இடத்தில் தம்பியை அடக்கி வையுங்கள், பங்காளிகள் அஞ்சு பேரும் ஆளுக்கொரு பக்கம் 'விடு', 'பிடி' என்று கத்தினால் பீரோ யார் சொல்வதைக் கேட்கும்?

பிரிட்ஜ் கதவைக் கழற்றிவிட்டுத்தான் வெளியே வைக்க வேண்டும், இது கட்டாயம். விளையாட்டாக உள்ளே புகுந்து மூடிக்கொள்கிற குழந்தைக்குக் காற்று கிடையாது, சத்தமும் வெளியே கேட்காது. பின்னால் ஓடுகிற செம்புக் குழாயை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் இருப்பது ஓசோனைக் கெடுக்கிற ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு, இப்போது வருவதில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன், பொறி பட்டால் பற்றும். டிவியின் படக்குழாய் உள்ளே காற்றில்லாமல் அடைத்தது, கல்லால் அடித்தால் கண்ணாடி வெடித்துப் பறக்கும், அந்தக் கண்ணாடியில் ஈயமும் உண்டு. இந்த இரண்டும் குப்பை வண்டிக்குப் போகிற சாமானே இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியவை. புதிது வாங்குகிற கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

கட்டில் தேக்கு என்றால் அதைக் குப்பை என்று வாயால்கூடச் சொல்லிவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய சோபா, பஞ்சு மெத்தை எல்லாவற்றையும் போகிக்கு எரித்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: சோபாவின் நுரைப்பஞ்சு எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும், மேலே இருக்கிற ரெக்சின் உறையிலிருந்து அமில வாயு வரும். தெரு முழுக்க ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். இலவம்பஞ்சு வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். நல்ல பஞ்சாக இருந்தால் அடித்து உதறிப் புது உறை போட்டுக்கொள்ளலாம், எலி வைத்த கூடாக இருந்தால் உருட்டிக் கட்டி வையுங்கள். எரிப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: வாசலில் வைத்தபிறகு எங்கள் பொறுப்பு முடிந்தது. தூக்குகிறவர்களுக்குச் சம்பளம் இருக்கிறதே? (ஒரு வாசகர், புதுவயல்)

பதில்: சம்பளம் தூக்குவதற்குத்தான், குத்துப்படுவதற்கு இல்லை. தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, மாஸ்க், காலணி, மழைக்கோட்டு, ஒளிரும் மேல்சட்டை எல்லாம் தரவேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன, சரி. ஆனால் சாக்குக்குள் கண்ணாடிச் சில் இருப்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அந்தக் கையுறையைக் கிழிக்க ஒரு சில் போதும். பழைய செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். கட்டில் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியைச் சுத்தியால் மடக்குங்கள், ஐந்து நிமிஷ வேலை. துரு குத்தினால்தான் ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும், துருப்பிடிக்காத ஆணி குத்தினாலும் வரலாம். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய செல்போன், பூச்சிமருந்து டப்பா இவற்றைச் சாமானுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். லாரியில் அழுத்தும்போது செல்போன் பேட்டரி நசுங்கித் தீப்பிடிக்கும். அப்புறம், முதல் நாள் ராத்திரியே சாக்கடை மேல் போட்டுவிட்டுப் படுக்கப் போவது நமக்கு ஒரு பழக்கம். பேரூராட்சியிலோ மாநகராட்சியிலோ கேட்டு, பெரிய சாமான் எடுக்க வண்டி எந்த நாள் வரும் என்று தெரிந்துகொண்டு அன்று காலையில் வையுங்கள். வருகிறவர்களுக்குக் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: கொல்லையில் அம்மாச்சியின் ஆட்டுக்கல் கிடக்கிறது. நானும் என் மகனும் சேர்ந்து தூக்கிவிடலாமா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். பிடி வாகாக, இடுப்புயரத்தில், உடம்போடு ஒட்டிய சாமானுக்கே ஒரு ஆளுக்கு 23 கிலோ வரைதான் என்பது அமெரிக்க தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆட்டுக்கல்லுக்குப் பிடியும் கிடையாது, தரையோடு தரையாக வேறு கிடக்கும். குழவியைத் தனியாக எடுத்துவிட்டு, கடப்பாரையால் நெம்பி, அடியில் உருட்டுக்கட்டை கொடுத்துத் தள்ளுங்கள், காலில் செருப்பு போதாது, ஷூ வேண்டும். ஒன்று கேட்கிறேன், அதை எதற்கு வெளியேற்றுகிறீர்கள்? கிணற்றடியில் கிடந்தால் மழைத் தண்ணீர் நிற்காமல் குழியில் மண்ணைப் போட்டுத் துளசி வைக்கலாமே.