சோயாச் சக்கைத் தொட்டியிலிருந்து புழுக்கள் ஏறி ஓடுவது குறித்து

வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் உங்கள் சமூகத் தோட்டத்தில், கடையிலிருந்து வாங்கிவரும் சோயாச் சக்கையை (சோயாப் பால் பிழிந்தபின் மிஞ்சுவது) இட்டதும், கழிவைத் தின்ன வளர்க்கும் கறுப்புப் படைவீரர் ஈயின் (black soldier fly) புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறுவதாகவும், அம்மோனியா நெடி அடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஏறுபவை கரும்பழுப்பு நிறமானால் கவலை வேண்டாம். கூட்டுப்புழுவாகும் முன் அவை உலர்ந்த இடம் தேடுவது இயல்பே. வெளிர்நிறப் புழுக்களும் ஏறினால் ஈரத்தையே முதலில் ஐயுற வேண்டும். பால் பிழிந்த சக்கையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர் இருக்கும். புழுக்களுக்கோ 60 முதல் 70 விழுக்காடு போதும் என்பதால், அதற்கு மேல் போனால் தீனி சேறாகி, உள்ளே காற்றின்றி அவை மேலேறுகின்றன. சக்கையைத் துணியில் கட்டிப் பிழிந்து, கோதுமைத் தவிடு கலந்து, கையில் இறுக்கினால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியாத பதத்திற்குக் கொண்டுவாருங்கள். தென்னை நார்த்தூளும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் புழுக்களுக்கு அதில் சத்து அதிகமில்லை என்பதால் நான் தவிட்டையே பரிந்துரைப்பேன்.

நெடிக்குக் காரணம் சக்கையின் மிகுதியான புரதம். சர்க்கரைச் சத்துள்ள பழக்கழிவைச் சேர்த்தால் அது தணியும். நம் ஊர் வெப்பத்தில் சக்கை விரைவில் புளித்துவிடும். ஆகவே ஒரு நாளில் தின்று தீர்க்குமளவே, மெல்லிய அடுக்காக இடுங்கள்.